சிவப்புப் புள்ளிக்கு மேலே என்ன இருக்கிறது? ஓடைப் படிவுத் தனிம வரைபடம்: ஓர் எளிய விளக்கம்

நிலவியல் ஆய்வு நிறுவனங்கள் வெளியிடும் தனிம வரைபடங்கள் இப்போது யார் தேடினாலும் கிடைக்கின்றன. ஒரு நிலப்பரப்பு, அதன் மேல் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறங்கள் (நீலம் என்றால் குறைவு, சிவப்பு என்றால் அதிகம்), மூலையில் ஒரு தனிமத்தின் பெயர். பார்த்த உடனே பேச்சு கிளம்பிவிடுகிறது. செம்பு வரைபடம் என்றால் "சிவப்பா இருக்கிற இடத்துல சுரங்கம் வரப்போகுது" என்கிறார்கள். ஆர்செனிக் வரைபடம் என்றால் "அந்த ஊர்த் தண்ணியில விஷம்" என்கிறார்கள். இரண்டு முடிவுக்கும் அந்த வரைபடத்தில் ஆதாரம் கிடையாது. நிறம் எதை அளந்து வந்தது என்று கேட்காமலே இரண்டும் சொல்லப்படுகின்றன.

இப்படிப்பட்ட வரைபடங்களில் பல, ஓடைகளின் அடியில் எடுத்த மண்ணை அளந்து வரைந்தவை. ஒரு பொட்டலம் ஈர மண்ணை வைத்துக்கொண்டு, காலே வைக்காத ஒரு மலைச்சரிவைப் பற்றிப் பேச முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. அவ்வளவு நல்ல கருவியைத் தப்பாகப் படித்து வீணாக்குகிறோமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முறத்தில் சேரும் தூசி

ஒரு வீட்டின் எல்லா அறைகளையும் கூட்டி, குப்பையை ஒரே முறத்தில் அள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் போகாத ஒருவர் அந்த முறத்தை மட்டும் பார்க்கிறார். மரத்தூள் நிறைய இருந்தால், உள்ளே எங்கோ மர வேலை நடக்கிறது என்று சொல்லிவிடுவார். எந்த அறையில் என்று அவரால் சொல்ல முடியாது. முறம் வாசலில் இருக்கிறது என்பதற்காக வாசலில் மரம் அறுக்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்போம்.

ஓடையும் கூட்டுகிற வேலையைத்தான் செய்கிறது. மழை சரிவுகளைக் கழுவுகிறது, சின்னச் சின்ன வாய்க்கால்கள் மண்ணை இழுத்து வருகின்றன, எல்லாம் ஓடையில் சேர்கின்றன. ஓடையின் அடியில் தங்கும் மணலையும் வண்டலையும் சேர்த்து ஓடைப் படிவு என்கிறோம். ஓர் இடத்தில் எடுத்த படிவுக்குள், அந்த இடத்துக்கு மேலே எந்தெந்தச் சரிவில் விழும் மழை அங்கே வந்து சேருமோ அத்தனை நிலத்தின் துகளும் இருக்கும். அந்த நிலம் முழுவதற்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: வரைபடத்தில் புள்ளி வைத்திருப்பது மண் எடுத்த இடத்தில், புள்ளியின் எண் பேசுவது அதற்கு மேலே இருக்கும் நிலத்தைப் பற்றி. சிவப்புக்கான காரணம் பெரும்பாலும் சிவப்புக்கு மேலே, மலைப்பக்கம் இருக்கும்.

பாறையிலிருந்து ஓடைக்கு

சரி, பாறையில் இருக்கும் தனிமம் ஓடைக்கு எப்படி வருகிறது? இரண்டு வழிகள்.

முதல் வழி, துகளாகவே வருவது. பாறை வெயிலிலும் மழையிலும் உடைந்து பொடியாகிறது. அதில் இருக்கும் சில கனிமங்கள் எளிதில் கரையாதவை: குரோமியம் இருக்கும் குரோமைட், வெள்ளீயம் இருக்கும் காசிட்டரைட், தங்கத் துணுக்குகள். இவை உருண்டு உருண்டு அப்படியே ஓடைக்கு வந்துவிடும். தட்டில் மணலை அலசித் தங்கம் தேடியவர்கள் நம்பியிருந்தது இந்த வழியைத்தான்.

இரண்டாம் வழி, கரைந்து வந்து ஒட்டிக்கொள்வது. செம்பு, துத்தநாகம் போன்றவை கந்தகத்தோடு சேர்ந்த கனிமங்களாகப் பாறையில் இருக்கும். காற்றும் நீரும் பட்டதும் அந்தக் கனிமங்கள் சிதைந்து, நீர் அமிலத்தன்மை பெற்று, உலோகம் கரைந்து இறங்குகிறது. கீழே வந்து வேறு நீரோடு கலந்து அமிலத்தன்மை குறையும்போது, கரைந்திருந்த உலோகம் களிமண் துகள்கள் மேலும், இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளின் மேலும் ஒட்டிக்கொள்கிறது. ஓடைக் கற்களைப் புரட்டினால் சில கற்களில் கரி பூசியது போன்ற கருப்புப் படலம் விரலில் தட்டுப்படும். பெரும்பாலும் அது மாங்கனீசு ஆக்சைடு. கடந்துபோகும் உலோகத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கு இணை குறைவு. இந்தக் கருப்புப் படலம் பின்னால் ஒரு குழப்பத்தையும் உண்டாக்கும், அப்போது பார்க்கலாம்.

ஆக, ஓடைப் படிவில் கைக்குக் கிடைப்பவை இரண்டு: உடைந்து வந்த துகள், துகளின் மேல் ஒட்டி வந்த உலோகம்.

கலப்பில் மங்கிப்போகும் கணக்கு

பலர் தவறவிடும் இடம் இதுதான் என்பதால் நிதானமாகப் பார்ப்போம். கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான்.

இவ்வளவு சிறிய அளவுகளைச் சொல்ல பிபிஎம் என்ற அலகைப் பயன்படுத்துகிறார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று பொருள். ஒரு டன் மண்ணில் ஒரு கிராம் இருந்தால் அது 1 பிபிஎம். பூமியின் மேலோட்டுப் பாறையில் சராசரியாகச் செம்பு 30 பிபிஎம்மை ஒட்டி இருக்கிறது. தங்கமோ ஒரு டன்னுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான்.

இப்போது 20 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதில் 19 சதுர கிலோமீட்டர் சாதாரண நிலம். செம்பு 30 பிபிஎம். மீதி 1 சதுர கிலோமீட்டரில் மட்டும் செம்புத் தாது கலந்த பாறை. அங்கே மண்ணில் 630 பிபிஎம். எல்லா நிலமும் ஒரே வேகத்தில் அரிக்கப்பட்டு ஓடைக்கு வருகிறது என்றால், கீழே எடுத்த படிவில் என்ன இருக்கும்? 19 பங்கு 30, ஒரு பங்கு 630, மொத்தத்தை 20 ஆல் வகுத்தால் 60 பிபிஎம்.

மேலே 21 மடங்கு இருந்தது, கீழே வெறும் இரண்டு மடங்காகிவிட்டது. இதே ஓடை இன்னும் கீழே போய், 200 சதுர கிலோமீட்டரின் நீரையும் மண்ணையும் சேர்த்துக்கொண்ட இடத்தில் எடுத்தால்? 33 பிபிஎம். சாதாரண 30க்கும் இந்த 33க்கும் இருக்கும் வித்தியாசத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தாது அங்கேயே இருக்கிறது, ஆனால் எண்ணில் அதன் சுவடே இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, பெரிய ஆற்றில் மண் எடுத்தால் எல்லாம் கலந்து சராசரியாகிவிடும். அதனால்தான் தாது தேடுபவர்கள் சின்ன ஓடைகளுக்குப் போகிறார்கள். இரண்டு, வரைபடத்தில் நீலமாக இருக்கும் இடத்தில் "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்ட முடியாது. இருந்தும் கலப்பில் மங்கியிருக்கலாம்.

எத்தனை சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்தார்கள் என்பதே வரைபடத்தின் முழுப் பொருளையும் மாற்றிவிடும் என்பது இப்போது புரியும். பிரிட்டனின் நிலவியல் ஆய்வு நிறுவனம் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்தது. 26 நாடுகள் சேர்ந்து தயாரித்த ஐரோப்பிய புவிவேதியியல் வரைபடத் தொகுப்பில் ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம்தான். முதலாவது ஒரு பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும். இரண்டாவது ஒரு கண்டத்தைப் பற்றிப் பேசும். ஐரோப்பியத் தொகுப்பை வைத்து ஒரு கிராமத்தைப் பற்றி வாதாடுவது வீண்.

ஓடையில் இறங்கி மண் எடுப்பது

பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை போலத் தெரியும். மண்ணை அள்ளிப் பையில் போட வேண்டும், அவ்வளவுதானே? ஆனால் வரைபடத்தின் தரம் பாதிக்கு மேல் இங்கேதான் தீர்மானமாகிறது.

முதலில் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். சல்லடையில் மண்ணைத் தேய்க்கும்போது உதிரும் தங்கத் துணுக்கு கண்ணுக்கே தெரியாது. ஆனால் தங்கத்தை ஒரு டன்னுக்கு மில்லிகிராம் கணக்கில் தேடும் ஆய்வில் அது பெரிய பொய்யைச் சொல்லிவிடும். சல்லடையின் வலையும் பித்தளையாக இல்லாமல் நைலானாக இருப்பது நல்லது. பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும்தானே.

பாலத்துக்குக் கீழேயோ, சாலையிலிருந்து வடியும் நீர் கலக்கும் இடத்திலோ எடுக்கக் கூடாது. மேல்பக்கம் ஏறிப் போய் எடுக்க வேண்டும். கரை இடிந்து விழுந்த மண்ணை அள்ளினால் அது அந்தக் கரையைப் பற்றி மட்டும்தான் சொல்லும். நீர் இழுத்து வந்து போட்ட மண்தான் வேண்டும். அதையும் ஒரே குழியில் எடுக்காமல், ஓடையில் கொஞ்ச தூரம் நடந்து பல இடங்களில் எடுத்து ஒன்றாகக் கலப்பார்கள். நடப்பதும் கீழிருந்து மேலாகத்தான். மேலே காலை வைத்துக் கலக்கிவிட்டால், கலங்கல் இறங்கி அடுத்து எடுக்க வேண்டிய இடத்தில் படிந்துவிடும்.

அப்புறம் சலிப்பது. பல ஆய்வுகளில் 0.15 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் இறங்கும் நுண்மண் மட்டுமே வைத்துக்கொள்ளப்படுகிறது. பருமணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். அது எல்லா ஓடையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், எண்களை மங்கலாக்கும். உலோகம் ஒட்டிக்கொள்ளும் களிமண்ணும் ஆக்சைடுகளும் நுண்மண்ணில்தான் அதிகம். தவிர, எல்லா இடத்திலும் ஒரே அளவு துகளை எடுத்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். ஓரிடத்தில் மணலும் இன்னோரிடத்தில் சேறும் எடுத்து ஒப்பிட்டால், மணலுக்கும் சேற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் வரைபடமாக வரும்.

சுருக்கமாகச் சொன்னால்: சின்ன ஓடை, நீர் கொண்டுவந்த மண், பல இடங்களில் எடுத்துக் கலந்தது, ஒரே சல்லடை.

ஆய்வகத்தில் ஒரு தந்திரம்

மண்ணை உலர்த்தி, இன்னும் நுண்மையாக அரைத்து, அளக்கிறார்கள். ஒரு முறையில் மண்ணின் மேல் எக்ஸ் கதிர் பாய்ச்சி, ஒவ்வொரு தனிமமும் திருப்பி வீசும் கதிரை வைத்து அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். இன்னொரு முறையில் மண்ணை அமிலத்தில் கரைத்து அந்தக் கரைசலை அளக்கிறார்கள். அளக்கும் கருவிகளின் நுட்பம் நமக்கு இங்கே தேவையில்லை. ஆனால் ஒன்று முக்கியம்: அமிலம் எல்லாவற்றையும் கரைக்காது. இராஜ திராவகம் என்ற கடும் அமிலக் கலவை தங்கத்தையே கரைக்கும். குரோமைட், சிர்க்கான் போன்ற கனிமங்கள் அதற்குப் பெரும்பாலும் அசைந்து கொடுக்காதவை. ஆகவே ஒரே மண்ணின் குரோமியம் இரண்டு முறைகளில் இரண்டு எண்ணாக வரும். இரண்டு வரைபடங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் முன், இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று பார்த்தே ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான மாதிரிகளை அளக்க மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கருவியின் அளவீடு மெல்ல நகர்ந்துவிடலாம். கிழக்கிலிருந்து மேற்காக எடுத்த வரிசையிலேயே அளந்தால், கருவியின் நகர்வு வரைபடத்தில் "மேற்கே போகப்போகத் துத்தநாகம் கூடுகிறது" என்று தெரியும். அதனால் மாதிரி எண்களை முதலிலேயே கலைத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த எண்கள் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்தவையாக இருக்கும். கருவி நகர்ந்தாலும் அது வரைபடம் முழுக்கச் சிதறித் தெரியுமே தவிர, ஒரு மலைத்தொடர் போல உருவம் எடுக்காது.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

ஒரு நிலப்பகுதியில் ஒரு தனிமம் இயல்பாக இருக்கும் அளவைப் பின்னணி அளவு என்கிறார்கள். அதிலிருந்து தெளிவாக விலகி நிற்பது பிறழ்வு. இந்த இரண்டு சொற்களும் இல்லாமல் எந்தத் தனிம வரைபடத்தையும் படிக்க முடியாது.

உலகம் முழுவதற்கும் ஒரே பின்னணி அளவு கிடையாது. பூமியின் ஆழத்திலிருந்து வந்த பெரிடோடைட் போன்ற பாறைகளில் நிக்கல் இயல்பாகவே 2,000 பிபிஎம் அளவில் இருக்கும். கிரானைட்டில் அது பெரும்பாலும் 10 பிபிஎம் கூட இருக்காது. பெரிடோடைட் மலையின் அடியில் ஓடும் ஓடையில் 300 பிபிஎம் நிக்கல் இருந்தால் அதில் சொல்ல ஒன்றுமில்லை. கிரானைட் நிலத்து ஓடையில் 100 பிபிஎம் இருந்தாலே நின்று பார்க்க வேண்டும். ஆனால் நிறம் பூசும்போது 300க்குச் சிவப்பும் 100க்கு மஞ்சளும்தான் விழும்.

நிறங்களும் தாமாக வருவதில்லை. யாரோ பிரித்துக் கொடுக்கிறார்கள். பல வரைபடங்களில் எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் ஐந்து அல்லது பத்து சதவீதத்துக்குச் சிவப்பு கொடுப்பார்கள். அப்படியானால் எவ்வளவு சுத்தமான, தாதே இல்லாத நிலமாக இருந்தாலும் சிவப்பு எங்காவது இருந்தே தீரும். வகுப்பில் யாராவது ஒருவர் உயரமானவராக இருப்பார், அவ்வளவுதான். முதலில் பார்க்க வேண்டியது மூலையில் இருக்கும் எண்கள். நிறம் அப்புறம்.

ஏமாற்றும் சிவப்புகள்

அந்தக் கருப்புப் படலத்துக்கு வருவோம். சில ஓடைகளில் மாங்கனீசு ஆக்சைடு நிறையச் சேர்ந்திருக்கும். அது கோபால்ட்டையும் துத்தநாகத்தையும் சாதாரண நீரிலிருந்தே பிடித்துப் பிடித்துச் சேர்த்துவிடும். மேலே தாதுவே இருக்காது. ஆனால் வரைபடம் சிவக்கும். துத்தநாக வரைபடத்தின் பக்கத்தில் மாங்கனீசு வரைபடத்தையும் வைத்துப் பார்த்தால், இரண்டும் அச்சு அசலாக ஒரே இடத்தில் சிவந்திருக்கும். அப்போது சந்தேகப்பட வேண்டும்.

தங்கம் வேறு விதமாக ஏமாற்றும். 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தங்கத் துணுக்கின் எடை சுமார் 10 மைக்ரோகிராம். பத்து கிராம் மண்ணை எடுத்து அளக்கிறோம், அதில் இந்த ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டால் தங்கம் 1 பிபிஎம் என்று வரும். அதாவது சாதாரணப் பாறையைவிடப் பல நூறு மடங்கு. அதே பையிலிருந்து அடுத்த பத்து கிராமை எடுத்தால் ஒன்றுமே இருக்காது. இரண்டு அளவீடும் சரிதான், இரண்டையும் தனியாக நம்ப முடியாது. அதனால்தான் தங்கம் தேடுபவர்கள் பெரிய அளவு மண்ணை எடுக்கிறார்கள். தங்கத்தோடு சேர்ந்து வரும் ஆர்செனிக் போன்றவற்றையும் பார்க்கிறார்கள். இப்படித் தேடும் பொருளைக் காட்டிக்கொடுக்கும் துணைத் தனிமத்தை வழிகாட்டித் தனிமம் என்கிறார்கள். ஆர்செனிக் சிவப்பைப் பார்த்து ஒருவர் விஷம் என்று பதறும்போது, இன்னொருவர் தங்கத்தின் அடையாளமாகக் குறித்துக்கொள்வது இதனால்தான். அந்த அடையாளமும் பொய்க்கலாம், தங்கமே இல்லாத இடங்களிலும் ஆர்செனிக் நிறைய உண்டு.

மனிதக் கைவேலையும் சிவப்பாகத் தெரியும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ரோமானியர் காலத்திலிருந்தே ஈயம் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கொட்டிவிட்டுப் போன கழிவிலிருந்து ஈயம் இன்றும் ஓடைகளில் இறங்குகிறது. இயற்கையாக வந்தது எவ்வளவு, வெட்டியதால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க, வெள்ளச் சமவெளியில் ஆழமாகத் தோண்டிப் பழைய வண்டலை அளப்பதுண்டு. அடியில் இருப்பது சுரங்கங்களுக்கு முந்தைய காலத்தின் படிவு என்றால், அதுவே ஒப்பிட ஓர் அளவுகோல்.

அதிகம் என்றால் ஆபத்தா?

படிவில் இருக்கும் மொத்த அளவும், உயிர்களின் உடலுக்குள் போகக்கூடிய அளவும் வேறு வேறு. குரோமைட்டுக்குள் பூட்டிக் கிடக்கும் குரோமியம் மொத்தக் கணக்கில் பெரிதாகத் தெரியும், ஆனால் நீரில் லேசில் கரையாது. தண்ணீரைப் பற்றித் தெரிய வேண்டுமானால் தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும். படிவு வரைபடம் எங்கே முதலில் சோதிப்பது என்று சொல்லும். அந்த உதவியே பெரிய உதவி.

இதற்கு நல்ல உதாரணமும் டெர்பிஷயரிலேயே இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜான் வெப் தலைமையில் இயங்கிய குழு, ஓடைப் படிவுகளை வைத்து மாலிப்டினம் என்ற உலோகம் மிகுந்த நிலங்களை அடையாளம் கண்டது. அடியில் இருந்தது கருங்களிப்பாறை. அதில் இயல்பாகவே மாலிப்டினம் அதிகம். புல் வழியாக அது மாட்டின் வயிற்றுக்குள் போனால், உடல் செம்பை எடுத்துக்கொள்ள முடியாமல் தடுக்கும். மண்ணில் செம்பு இருந்தும் மாடுகளுக்குச் செம்புக் குறைபாடு வருவதன் காரணம் இப்படித் தெளிவானது. தாது தேடப் பிறந்த முறை கால்நடை மருத்துவத்துக்குப் போன கதை இது. வெப் குழு சுமார் 50,000 ஓடைப் படிவு மாதிரிகளைக் கொண்டு தயாரித்த இங்கிலாந்து, வேல்ஸ் வரைபடத் தொகுப்பு 1978இல் வெளிவந்தது. அதே காலகட்டத்தில் சீனா, வேதியியலாளர் ஷியே ஷுயெஜின் முன்னெடுப்பில், 39 தனிமங்களை நாடு முழுக்க வரையும் வேலையைத் தொடங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையும் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத் தேசிய அளவில் இதைச் செய்துவருகிறது.

சிவப்பைப் பார்த்த பிறகு

கணக்குக்கு எடுத்த அதே 20 சதுர கிலோமீட்டர் ஓடைக்குத் திரும்புவோம். 60 பிபிஎம் செம்பு, சிவப்புப் புள்ளி. இப்போது என்ன செய்வார்கள்? புள்ளி இருக்கும் இடத்தில் தோண்ட மாட்டார்கள். ஓடையைப் பிடித்து மேலே நடப்பார்கள்.

முதல் பிரிவு வரும். இரண்டு கிளைகளிலும், சேருமிடத்துக்குச் சற்று மேலே, தனித்தனியாக மண் எடுப்பார்கள். இடப்பக்கக் கிளையில் 29, வலப்பக்கக் கிளையில் 95 என்று வந்தால் இடப்பக்கம் முடிந்தது. வலப்பக்கம் ஏறினால் அடுத்த பிரிவில் 31, 210. மேலே போகப்போக நீர்ப்பிடிப்புப் பகுதி சுருங்குகிறது, கலப்பு குறைகிறது, எண் ஏறுகிறது. ஓடை இப்போது ஒரு தாண்டில் கடக்கும் அளவுதான் இருக்கும். 400. இன்னும் ஐம்பது மீட்டர் மேலே எடுத்தால் திடீரென்று 33.

400க்கும் 33க்கும் நடுவில் இருக்கும் அந்த ஐம்பது மீட்டரில்தான் மூலத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். இனி ஓடையைவிட்டு ஏறி, இரு கரையிலும் சரிவு மண்ணைக் கட்டம் போட்டு எடுக்க ஆரம்பிப்பார்கள்.